விளங்கிச்சுங்க

தரம் ஆறில் மர்லியா டீச்சர் சிங்களம் படிப்பித்துக்கொண்டிருந்தார். நான் எட்டாம் தரத்துக்குக் கணிதம் முடித்துவிட்டு, கையில் சோக்குப் பெட்டியோடு வராந்தா வழியாக வந்துகொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடம் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. வகுப்புகளுக்கு நடுவில் அரைச்சுவர்தான். ஒரு வகுப்பில் சொல்வது மூன்று வகுப்புக்குக் கேட்கும். அதனால் பிள்ளைகள் தங்கள் பாடத்தோடு சேர்த்து அடுத்த வகுப்புப் பாடத்தையும் மறந்துவிடுவார்கள் என்று நான் ஸ்டாஃப் ரூமில் பகடி பண்ணுவதுண்டு.

"பெர?" என்று டீச்சர் கேட்டார்.

"முன்!"

"பசு?"

"பின்!"

"கேமட்ட பெர?"

"சாப்பாட்டுக்கு முன்!"

"கேமட்ட பசு?"

"சாப்பாட்டுக்குப் பின்!"

"விளங்கிச்சா?"

"விளங்கிச்சு டீச்சர்!"

நான் அப்படியே நின்றேன். என் மனைவி பாக்கியலெட்சுமி இறந்து அன்றைக்கு எழுபத்திரண்டாவது நாள். அவள் கடைசியாகக் குடித்த மருந்துக் குளிசைகளின் உறையில் கேமட்ட பசு என்ற இந்த இரண்டு சொற்கள்தான் எழுதியிருந்தன. அதை எழுத்துக் கூட்டி வாசித்தவன் நான். அர்த்தம் சொன்னவனும் நான். பசியோடு, வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்று சொன்னேன். அவளும் ஆறு வாரம் அப்படியே குடித்தாள்.

உள்ளே போய், பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் டீச்சரிடம் கேட்டேன். "பசுங்கிறதுக்கு பசின்னு ஒரு அர்த்தம் இருக்குங்களா டீச்சர்?"

அவர் சிரித்துவிட்டார். "பசிக்கு படகினியில்லயா சேர். பட-ன்னா வயிறு, கினி-ன்னா நெருப்பு. சேருக்குத் தெரியாததா?"

தெரியும். படகினி என்ற சொல் தோட்டத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பஸ்ஸில் பிச்சை கேட்பவர் அதைத்தான் சொல்லிக் கேட்பார். எனக்கும் நன்றாகத் தெரிந்த சொல்தான். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, சோக்குப் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் எனக்கு மாமன் மகள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவள். நான் படித்து, கல்லூரிக்குப் போய், ஆசிரியராக, எல்லாருக்கும் சேராகத் திரும்பி வந்து அவளைக் கட்டினேன். "சேர் பெரிய மனசுக்காரரு" என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் அதைக் கொஞ்சம் நம்பினேன். கல்யாணமாகி முதல் வாரமே அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருப்பது தெரிந்துவிட்டது. அவள் கேள்வி கேட்பாள்.

"ஏங்க, கொழுந்து சாக்குக்குள்ள கைய விட்டா சுடுதே. புடுங்கிப் போட்ட எலைக்கு எங்கருந்துங்க சூடு வருது?"

"அது சயன்ஸ். நான் மெத்ஸ்."

தெமோதரை ஸ்டேசனில் நின்றால், இப்போது புறப்பட்டுப் போன ரயில் மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, அதே ஸ்டேசனுக்கு அடியில் இருக்கிற சுரங்கத்துக்குள் நுழையும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். அவள் மட்டும், இவ்வளவு சுற்று எதற்கு, நேராக இறங்கினால் என்ன என்று கேட்பாள். வெள்ளைக்காரன் போட்டது, அவனைப் போய்க் கேள் என்பேன். இது எல்லாவற்றையும் விட மோசம், நான் வீட்டில் டியூஷன் கொடுக்கும்போது ரொட்டிக்கு மாப் பிசைந்தபடியே காதை இங்கே வைத்திருப்பாள். பிள்ளைகள் போன பிறகு ஆரம்பிக்கும்.

"சய தர சய சகன்னு சொன்னீங்களே. கழிக்கிறதக் கழிக்கிறதால பெருக்கினா எப்படிங்க கூடும்?"

"அது அப்படித்தான். பாடமாக்கிக்கணும்."

"எனக்கு வெளங்கலயே."

"உனக்கு எதுக்கு வெளங்கணும்? நீயா சோதனை எழுதப் போற?"

அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். மாப் பிசைந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு ஏதோ யோசிப்பாள். கூடிப் போனால், "புள்ளைங்க எல்லாம் வெளங்கிச்சு சேர்ன்னு சொல்றாங்களே, அதுங்களுக்கு எப்படி வெளங்குச்சி?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். இருபத்தாறு வருஷமாக நான் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் விளங்கிச்சா என்று கேட்கிறேன். விளங்கிச்சு சேர் என்று சொல்கிறார்கள். மணி அடிக்கிறது. ஒரு பிள்ளையாவது இல்லை என்று சொன்னதில்லை. இதை நான் என் திறமை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருத்தி மட்டும் இருபத்துமூன்று வருஷமும் வெளங்கலயே, வெளங்கலயே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விளங்கிச்சு என்று ஒரு நாளும் அவள் என்னிடம் சொன்னதில்லை. ஒரே ஒரு தரம் தவிர.

மலை ஏறி இறங்கிய முழங்கால் அவளுக்கு நாற்பத்தைந்திலேயே வீங்கத் தொடங்கிவிட்டது. போன வருஷக் கடைசியில் உட்கார்ந்தால் எழும்ப முடியவில்லை. ஹாலிஎல வழியாக பஸ் பிடித்து பதுளையில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் நன்றாகப் பார்த்தார். மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒரு பெண் சிறிய காகித உறையில் குளிசைகளைப் போட்டு, மேலே எழுதி, எப்படிக் குடிக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். அவசரமாகச் சொல்லவில்லை, எரிந்து விழவும் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "தேருணாத?" என்று கேட்கவும் செய்தார். விளங்கியதா என்று அர்த்தம்.

"ஹரி மிஸ், தேருணா" என்றேன். சரி, விளங்கியது என்று.

அவர் என்ன சொன்னார் என்று இன்றைக்கு நினைத்துப் பார்த்தாலும் எனக்கு ஞாபகம் இல்லை. நான் கேட்கவே இல்லை. ஹரி சொல்ல வேண்டிய இடம் எப்போது வரும் என்பதில்தான் என் கவனம் முழுக்க இருந்தது. யாராவது சிங்களத்தில் பேசினால் என் வாய் தானாக ஹரி சொல்லும். என் அப்பாவும் துரை முன்னாலும் கிளாக்கர் முன்னாலும் அப்படித்தான் சொன்னார். நான் படித்தவன் என்பதால் கொஞ்சம் மிடுக்காகச் சொல்வேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியே பலா மரத்தடியில் அவளை உட்கார வைத்திருந்தேன்.

"என்னங்க சொன்னிச்சி அந்த நோனா?"

"காலையில ஒன்னு, பொழுதுபட ஒன்னு." உறையில் போட்டிருந்த 1 - 1 என்ற இலக்கங்களை வைத்துச் சொன்னேன்.

"சாப்புட முந்தியா, சாப்புட்டுட்டா?"

நான் உறையைத் திருப்பினேன். எனக்குச் சிங்கள எழுத்து வாசிக்க வரும். அரசாங்க உத்தியோகத்தர்கள் இரண்டாம் மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும் என்று வந்தபோது, லீவுக் கடிதம் ஒன்றையும் ரோட்டைத் திருத்தச் சொல்லும் கடிதம் ஒன்றையும் பாடமாக்கிக்கொண்டு போனேன். லீவுக் கடிதம் வந்தது. பாஸ். அந்தச் சான்றிதழ் பிரேம் போட்டு முன்காம்பராச் சுவரில் தொங்குகிறது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு ஆராய்ச்சியும் பிறந்தது. சிங்களத்தில் பாதி தமிழ்தான் என்பது அந்த ஆராய்ச்சி. கடே என்றால் கடை. இடம என்றால் இடம். அக்கா என்றால் அக்கா. பஸ்ஸில், கல்யாண வீட்டில், ஸ்டாஃப் ரூமில், கேட்காதவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

"கே... ம... ட்ட. ப... சு" என்று வாசித்தேன். "கேமன்னா சாப்பாடு."

"பசுன்னா? மாடா?" என்று அவள் சிரித்தாள். முழங்கால் வலியோடுதான் சிரித்தாள்.

"மாடில்ல. பசி. சாப்பாட்டுக்குப் பசி இருக்கணும். வெறும் வயித்துல குடிக்கணும்னு அர்த்தம்."

"கடேன்னா கடைங்கிற மாதிரிங்களா?"

"ஆமா, அதே மாதிரிதான்."

அவள் உறையை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அந்த எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எதுக்கும் ஒருவாட்டி கேட்டுட்டு வந்துறட்டுங்களா? சன்னல் இந்தாதானே இருக்கு" என்று மரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பவும் செய்தாள்.

ஜன்னலில் வரிசை நின்றது. எங்கள் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் அதில் இருந்தார்கள். எல்லாருடைய பிள்ளைகளும் என்னிடம் படிக்கிறவர்கள்.

"சும்மா இரு" என்றேன். "சேர் பொண்டாட்டி குளிசை குடிக்கத் தெரியாம திரும்பவும் லைன்ல வந்து நின்னிச்சின்னு தோட்டம் பூரா பேசவா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒரு நாள் தனியாகப் போய் அந்த இடத்தை அளந்து பார்த்தேன். பலா மரத்திலிருந்து ஜன்னலுக்குப் பன்னிரண்டு காலடி.

பாக்கியத்துக்கு வெறும் வயிற்றில் இருப்பது பழக்கம் இல்லை. மலைக்குப் போன காலத்திலிருந்து விடிந்ததும் ஒரு ரொட்டியும் பிளேன்டீயும் உள்ளே போய்விட வேண்டும். முதல் வாரம் ஒரு காலையில், ரொட்டியைப் பிய்த்து வாயில் வைக்கப் போனவளின் முன்னாலிருந்து தட்டை நான்தான் நகர்த்தி வைத்தேன். "குளிசை குடிச்சிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சி சாப்புடு" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்றுகூட நினைத்தேன். என் கையால் செய்த காரியங்களில் எனக்கு அதிகம் ஞாபகம் வருவது அந்தத் தட்டை நகர்த்தியதுதான். எவர்சில்வர் தட்டு. மேசையில் உரசிய சத்தம் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

முழங்கால் வீக்கம் குறைந்தது. ஆனால் வயிறு எரிகிறது என்றாள்.

"ஏங்க, இது இந்தக் குளிசையாலங்களா?"

"மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம்."

"கால் வலிக்குக் குடிக்கிற மருந்து வயித்துல ஏங்க வேல செய்யுது?"

எவ்வளவு நல்ல கேள்வி அது. எந்தப் பெரிய டொக்டரும் அதற்கு நின்று பதில் சொல்லியிருப்பார். நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு பின்னேரம். தவணைப் பரீட்சைத் தாள்கள் கட்டுக்கட்டாக என் முன்னால் கிடந்தன. பாக்கியம் பின்வாசலில் கொய்யா மரத்தடியில் நின்று யாரோடோ பேசுவது கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். பசு என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டு ஜெயந்தினியிடம்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஜெயந்தினிக்குத் தெரிந்தால் தண்ணீர்க் குழாயடி முழுக்கத் தெரிந்த மாதிரி. இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"இன்னும் யாருகிட்ட கேட்டுக்கிட்டு நிக்கிற? பசியோடதான் குடிக்கணும்னு எத்தன தடவ சொல்றது? வெளங்கிச்சா?"

பிறகு, "வெளங்கிச்சுங்க" என்றாள்.

இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தரம். எனக்குத் திருப்தியாக இருந்தது. ஒருவழியாகப் படிந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தேன். அதற்குப் பிறகு அவள் குளிசையைப் பற்றி யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எரிச்சல் பற்றியும் சொல்லவில்லை. ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, குழாயடியில் விழுந்துவிட்டாள் என்று ஜெயந்தினி ஓடி வந்தாள். காப்பித்தூளைக் கரைத்த மாதிரி வாந்தி எடுத்திருந்தாள். ஓட்டோவில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். "பேசாத, பேசாம படு" என்றேன். நாங்கள் ஹாலிஎல தாண்டும்போது அவளுக்கு நினைவு இல்லை. அன்று மதியமே போய்விட்டாள். வயிற்றில் புண் வெடித்து இரத்தம் போய்விட்டது என்று சொன்னார்கள். எல்லாரும் விதி என்றார்கள். நானும் விதி என்றுதான் சொன்னேன், மர்லியா டீச்சரின் வகுப்பைத் தாண்டி நடந்த அந்த நாள் வரைக்கும்.

அதற்குப் பிறகு நான் போனில் தேடித் தேடி வாசித்தேன். அந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தாலும் சிலருக்கு இரத்தம் கசியலாமாம். அந்தச் சிலருக்கு என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வாரம் ஒளிந்துகொண்டிருந்தேன். பிறகு அங்கேயும் இருக்க முடியவில்லை. உறையை எடுத்து, வீட்டில் யாரும் திறக்காத ஒரே புத்தகமான மடக்கை அட்டவணைக்குள் வைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு விளங்கிச்சா என்ற சொல் வாயில் வராமல் போய்விட்டது. எட்டாம் தரத்தில் ஒரு நாள் பாடத்தை முடித்துவிட்டு, "யாருக்கு வெளங்கல?" என்று கேட்டேன். முப்பத்தொரு பிள்ளைகளும் என்னைப் பயத்தோடு பார்த்தார்கள். ஏதோ பொறி வைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். "அடிக்க மாட்டேன். மெய்யாவே கேக்குறேன்" என்றேன். அப்போதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் படிப்பித்ததில் அவர்களுக்கு மிக நன்றாகப் பாடமானது இதுதான். நாலாவது நாள், தயானி என்ற பிள்ளை கையைத் தோள்வரைக்கும் மட்டும் தூக்கியது.

"மன்னிச்சுக்கோங்க சேர். சய தர சய ஏன் சேர் சக வருது?"

வகுப்பு என்னைப் பார்த்தது. "எனக்கும் தெரியாது பிள்ள" என்றேன். "இருபத்தாறு வருசமா தெரியாது. தேடிப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அன்று பின்னேரம் கொய்யா மரத்தடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றைச் சய இரண்டால் பெருக்கினால் சய ஆறு. இரண்டைப் பெருக்கினால் சய நாலு. ஒன்றைப் பெருக்கினால் சய இரண்டு. சைபரைப் பெருக்கினால் சைபர். இந்தப் பக்கம் ஒவ்வொன்றாகக் குறையக் குறைய, அந்தப் பக்கம் விடை இரண்டிரண்டாக ஏறிக்கொண்டே வருகிறது. சைபருக்கும் கீழே இறங்கி சய ஒன்றுக்கு வந்தால், விடை ஏறித்தானே ஆக வேண்டும்? சக இரண்டு. அவ்வளவுதான். மாப் பிசைகிற பலகையில் விரலால் எழுதிக் காட்டியிருந்தாலே அவளுக்கு விளங்கியிருக்கும். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. நான் தாளை மடித்து வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். ஜெயந்தினி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள்.

அதற்கு அடுத்த வாரம் மகள் வந்தாள். சிவானுஜா கிழக்கே ஒரு கெம்பஸில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பரீட்சைக்கு நடுவில் சாவு வீட்டுக்கு வந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பிப் போனவள். இப்போது இரண்டு நாள் லீவில் வருகிறேன் என்று வந்தாள். ஒரு வாரமாகியும் போகவில்லை. பையைக்கூட அவிழ்க்கவில்லை. சமைத்தாள், கூட்டினாள், அம்மாவின் சாமான்களைத் தொட்டுத் தொட்டு அதே இடத்தில் வைத்தாள். நான் கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். சனிக்கிழமை பின்னேரம் அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கெம்பஸ் எப்ப தொடங்குது பாப்பா?"

"தொடங்கிருச்சிப்பா. நான் போகல."

"ஏன்?"

"எனக்கு இனி படிக்க ஏலாதுப்பா."

அவள் அழவில்லை. போனில் எதையோ தேடி எடுத்து என் பக்கம் திருப்பினாள். அம்மாவின் பெயர், அதற்குக் கீழே வரிசையாகக் குரல் செய்திகள். பாக்கியத்துக்கு போனில் எழுத வராது. இந்தக் கொய்யா மரத்தடியில் மட்டும்தான் எங்கள் வீட்டுக்குச் சிக்னல் வரும். இங்கே வந்து நின்று மகளுக்குப் பேசி அனுப்புவாள்.

"எக்ஸாம் முடியிற வரைக்கும் போன எடுக்காதன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க. நானும் அம்மாவோட வொய்ஸ் எதையும் தொறக்கல. சாப்புட்டியா, தூங்குனியான்னுதானே இருக்கும், முடிஞ்சி ஒன்னா கேப்போம்னு விட்டுட்டேன். காரியம் முடிஞ்சி போன பொறகுதான் கேட்டேன். இதக் கேளுங்க."

அவள் விரல் வைத்ததும் பாக்கியத்தின் குரல் வந்தது. மூன்று மாதத்துக்கும் மேலாக நான் கேட்காத குரல். தாழ்த்திப் பேசினாள். பின்னால் எங்கேயோ சேவல் கூவியது.

"பாப்பா, கேமட்ட பசுன்னா என்னாம்மா? பசியோட குடிக்கிறதா, சாப்புட்டுட்டுக் குடிக்கிறதா? உன்னோட படிக்கிற சிங்களப் புள்ளைங்க யாருகிட்டயாச்சும் கேட்டுச் சொல்லு. எனக்கு சரியா வெளங்கல. அவசரம் இல்லம்மா, படிச்சிட்டுச் சொல்லு."

சிவானுஜா அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"கூட்டாளிப் புள்ளைகிட்ட கேட்டேன்பா. சாப்புட்ட பொறகுன்னு அர்த்தமாம். அம்மா என்கிட்டதான் கேட்டிருக்கு. ஒரு வார்த்த. நான் பதில் சொல்லல. வயித்துல புண்ணுன்னு சொன்னாங்களே, அம்மா பாட்டுக்கு வெறும் வயித்துலதான் குடிச்சிருக்கு." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "அம்மாவ நான்தான்பா கொன்னுட்டேன்."

பாக்கியம் என் பெயரைச் சொல்லவில்லை. அப்பா இப்படிச் சொல்கிறார், அது சரியா என்று அவள் கேட்டிருக்கலாம். மகளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல், ஏதோ தனக்குத்தான் விளங்காத மாதிரி கேட்டிருந்தாள். நான் போன் திரையைப் பார்த்தேன். நாற்பத்தொரு செக்கன் செய்தி. பாதியைச் சற்றுத் தாண்டி நின்றிருந்தது. மேலே தேதி இருந்தது. தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்திய வாரம்.

"இதுக்கு அங்கிட்டு என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாதுப்பா. ஒவ்வொரு தடவையும் இந்த எடத்துல நிப்பாட்டிருவேன். அதுக்கு மேல என்னால கேக்க முடியல."

எனக்குத் தெரியும். மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் இனியும் கேட்காமலே இருந்துவிடலாம். போன் உடைந்துபோகலாம், தொலைந்துபோகலாம். நான் அவள் தலையைத் தடவி நாலு வார்த்தை சொன்னால் போதும். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், அந்த நாலு வார்த்தையைத்தான் முதலில் சொன்னேன்.

"உன் மேல பிழை இல்ல பாப்பா. அது விதி. வெளங்கிச்சா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மாப் பிசைந்த விரல்களை வைத்துக்கொண்டு பாக்கியம் பார்க்கிற அதே பார்வை.

"எனக்கு வெளங்கலயேப்பா" என்றாள்.

நான் எழுந்து உள்ளே போய் மடக்கை அட்டவணையை எடுத்து வந்தேன். உறையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். வகுப்பில் இருபத்தாறு வருஷம் நின்று பேசிய வாய், இதைச் சொல்லத் திணறியது.

"மிச்சத்தையும் போடு" என்றேன்.

"எதுக்குப்பா?"

"போடும்மா. நான் இங்கதான் இருக்கேன். முழுசா கேளு."

அவள் விரலை வைத்தாள். சேவல் மறுபடியும் கூவியது. பாக்கியம் மூச்சு விடுவது கேட்டது. இன்னும் ஏதோ சொல்ல நினைத்து நிற்கிறாள் போல. பிறகு, தூரத்திலிருந்து, வீட்டுக்கு உள்ளேயிருந்து, எட்டாம் தரத்தைக் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவன் வரைக்கும் அடக்குகிற குரல் ஒன்று வந்தது. அந்தக் குரல் சொல்லி முடிக்கும் வரைக்கும் சிவானுஜா போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விளங்கிச்சா என்று அது கேட்டது.

கொஞ்ச நேரம் காற்று மட்டும் இரைந்தது. பிறகு போனுக்கு மிகப் பக்கத்தில், மகளுக்குச் சொல்வது போலவே, பாக்கியம் சொன்னாள்.

"வெளங்கிச்சுங்க."

சிவானுஜா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பவில்லை. அவள் கை உறையின் மேல் இருந்தது. போனைத் தொட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அது தானாகவே அடுத்த செய்திக்குப் போனது.

"பாப்பா" என்றாள் பாக்கியம், "சாப்புட்டியா?"